குட்டி கேக் மோல்டு: மலைக்காரங்களுக்கும் சேர்த்து அளவு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல குட்டி டிசைன் மோல்டுல கேக் செய்யுறத பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, ரோஜா, சிப்பி, இதயம்னு படமெல்லாம் கண்ணுக்கு அழகாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல சொன்ன அளவெல்லாம் மெட்ராசுக்கும் மதுரைக்கும்தான் சரிப்படும், ஊட்டில இருந்துகிட்டு அதை அப்படியே செஞ்சா மாவு பொங்கி வழிஞ்சு ஓவன் அடியில கருகிக் கிடக்கும். மோல்டுல முக்காவாசி ஊத்தச் சொல்லியிருக்கீங்க. எங்களுக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல போதும் சார்.

ஊட்டி கடல் மட்டத்துலேர்ந்து கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரம். காத்தழுத்தம் கம்மிங்கறதால பேக்கிங் பவுடர்லேர்ந்து வர்ற கேஸ் இங்க ஜாஸ்தியா விரியுது, தண்ணியும் 100 டிகிரி வரைக்கும் போகாம 92, 93லயே கொதிச்சிடுது, அதனால கேக்கு உள்ள வெந்து கெட்டியாகுறதுக்குள்ள மடமடன்னு எழும்பி அப்புறம் நடுவுல பொசுக்குன்னு உக்காந்துரும். பெரிய டின்ல செய்யுற கோடைக்கானல்காரங்களும் குன்னூர்காரங்களும் இதே கதைதான் சொல்லுவாங்க.

நான் எழுத வந்ததே இதுக்குத்தான். டிசைன் மோல்டுன்னா ஏதோ பர்த்டேக்கு ஷோ காட்டுற சாமான்னு நெனச்சு வாங்கி ஆணியில மாட்டி வச்சிருக்கறவங்க நிறைய பேரு, ஆனா மலையில இருக்கறவங்களுக்கு தினப்படி கேக்குக்கே பெரிய டின்ன விட அதுதான் லாயக்கு. மாவு கொஞ்சமா இருக்கறதால நடுப்பக்கம் சீக்கிரம் வெந்துடும், உக்கார்றதுக்கு நேரமே கிடைக்காது. நடுவுல குழாய் வச்ச பண்ட் மோல்டுன்னா சூடு உள்பக்கத்துலேர்ந்தும் ஏறுது, கேக்கு குழி விழுற எடத்துல மாவே இல்ல பாருங்க! அந்த பண்ட் மோல்டு அமெரிக்காவுல மினியாபொலிஸ் பக்கம் நார்டிக் வேர் கம்பெனிக்காரர் டேவிட் டால்க்விஸ்ட் 1950ல வார்ப்பு அலுமினியத்துல செஞ்சது, அந்த ஊரு யூதப் பெண்கள் சங்கத்துக்காரங்க ஐரோப்பாவுல இருக்கற மாதிரி ஒண்ணு வேணும்னு கேட்டாங்களாம். ரொம்ப வருஷம் சரியா விக்கல, 1966ல ஒரு சமையல் போட்டில அதுல செஞ்ச சாக்லேட் கேக்குக்கு ரெண்டாவது பரிசு கெடச்ச பிறகுதான் எல்லாரும் தேடித் தேடி வாங்குனாங்க.

சரி, நம்ம விஷயத்துக்கு வரேன். உங்க ரெசிபில பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன்னா இங்க முக்கா டீஸ்பூன் போடணும், சர்க்கரை ஒரு கப்புக்கு ரெண்டு டேபிள்ஸ்பூன் கம்மி பண்ணணும், பால் ரெண்டு மூணு டேபிள்ஸ்பூன் கூட ஊத்தணும், ஓவன் சூடு ஒரு 10 டிகிரி ஏத்தி வைக்கணும். உள்ளங்கை அளவு மோல்டுன்னா பதினஞ்சு நிமிஷத்துலயே குச்சி விட்டுப் பாக்க ஆரம்பிக்கணும். ஒரே தட்டுல வேற வேற சைஸ் மோல்டு வச்சா சின்னது கருகிடும், பெருசு பச்சையா நிக்கும், அதனால ஒவ்வொண்ணுலயும் முதல்ல தண்ணி ஊத்தி எவ்வளவு பிடிக்குதுன்னு டம்ளர்ல அளந்து, ஒரே அளவு பிடிக்கறத மட்டும் ஒண்ணா வைங்க.

அடுத்தது ஒட்டிக்கற பிரச்சனை. படத்துல ரோஜா இதழ் இதழா வந்திருக்கு, நம்ம வீட்டுல பாதி இதழ் மோல்டுலயே தங்கிடும். வெண்ணெய விட உருக்குன நெய் நல்லது, வெண்ணெயில இருக்கற தண்ணியும் பால் சத்தும்தான் பிடிச்சு இழுக்குது. ஆனா டிசம்பர், ஜனவரியில இங்க மோல்டே ஐஸா இருக்கும், நெய்யத் தொட்டு பிரஷ்ஷால தடவுன ஒடனே கோடு கோடா உறைஞ்சு இதழ் இடுக்குக்குள்ள திட்டுத் திட்டா நின்னுடும், அந்தத் திட்டு மேல மைதா தூவுனா கேக்குல வெள்ளை வெள்ளையா ஒட்டிக்கிட்டு வரும். மோல்ட அடுப்புப் பக்கத்துல கொஞ்ச நேரம் வச்சு, கைக்கு வெதுவெதுன்னு பட்ட பிறகு தடவிப் பாருங்க, பளபளன்னு மெல்லிசா பரவும், அப்புறம் மைதா (சாக்லேட் கேக்குன்னா கோகோ) தூவி தட்டி விட்டுட்டு மாவ ஊத்துங்க. வெந்து எடுத்ததும் ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக் கவுக்கணும், சுடச்சுட கவுத்தா ஒடஞ்சிடும், முழுசா ஆறிட்டா விடாது.

ஸ்பாஞ்ச் கேக் மாவுல டிசைன் நிக்காது. வெண்ணெய் கேக், கேரட் கேக் மாதிரி கொஞ்சம் கனமான மாவுதான் நிக்கும். ஊட்டி கேரட்ட பொடியாத் துருவணும், மே, ஜூன்ல கெடைக்கற ப்ளம்ஸ்னா பருப்பு சைஸுக்கு நறுக்கணும், பெரிய துண்டு அடியில போய் உக்காந்தா சிப்பி வரியெல்லாம் அழிஞ்சு போகும். ஐசிங்கெல்லாம் வேண்டவே வேண்டாம், அவ்வளவு டிசைனயும் கிரீம் போட்டு மூடுறதுக்கு எதுக்கு மோல்டு வாங்கணும்? ஐசிங் சுகர டீ வடிகட்டில போட்டு லேசா சலிச்சு விட்டா போதும்.

ஓவன் இல்லாதவங்க வீட்டுலயும் மோல்டு சும்மா கெடக்க வேணாம். ரவா கேசரிய சூட்டோட அழுத்தி வச்சு கவுத்தா விசேஷத்துக்கு ஆளுக்கு ஒரு பூ வைக்கலாம், ரவா இட்லி மாவ ஊத்தி ஆவியில வேக வச்சா பசங்க பேசாம சாப்பிடுதுங்க. கடல்பாசிக்கு எங்க ஊர்ல ஃப்ரிட்ஜே தேவையில்ல, ஜன்னலோரம் வச்சா தானா உறைஞ்சிடும்.

கேக் வித்து கொஞ்சம் காசு பாக்குற பொம்பளைங்க இங்க நிறைய பேரு இருக்காங்க, அவங்களுக்கும் குட்டி கேக்குதான் வசதி, வெட்ட வேணாம், எடை போட வேணாம். எங்க மாவட்டத்துல பிளாஸ்டிக் டப்பாவுக்குத் தடை இருக்கறதால அட்டைப் பெட்டியில பட்டர் பேப்பர் போட்டு வச்சுக் குடுத்துடுறாங்க.

அதனால அடுத்த தடவ கேக் ரெசிபி போடும்போது, மலை ஊருக்கு பேக்கிங் பவுடரும் மாவும் எவ்வளவுன்னு கீழ ஒரு வரி சேர்த்துப் போடுங்க சார். எடம் இல்லைன்னா ஒரு படத்த கொறச்சுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஃபர்ன்ஹில், ஊட்டி.

பி.கு.: மழைக்காலத்துல தகர மோல்டு இடுக்குல துரு பிடிக்கும், கம்பி நார் போடாம பழைய டூத் பிரஷ்ஷால கழுவிட்டு அணைச்ச ஓவன் சூட்டுல காய வைங்க. பழைய பங்களா சாமான் விக்கிற கடையில செம்பு மோல்டு கெடச்சா, உள்ள வெள்ளீயம் பூசாததா இருந்தா எலுமிச்சை, ப்ளம்ஸ்னு புளிப்பு எதையும் அதுல ஊத்தாதீங்க.