ஒற்றைத் தலைவலிக்கு மூலிகை: பாதி சொன்னால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒற்றைத் தலைவலியைத் தடுக்கும் மூலிகைகளைப் பற்றி நாளிதழ்களில் வரும் குறிப்புகளை, பல ஆண்டுகளாக அந்த வலியோடு வாழ்பவன் என்ற முறையில் விடாமல் படித்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை, வந்த வலியைத் தணிப்பதையும் வலி வராமல் தடுப்பதையும் ஒன்றாகவே பேசுகின்றன. தடுப்பு மருந்து என்பது வலி இல்லாத நாளிலும் தவறாமல் உட்கொள்ள வேண்டியது. அதன் பலன் தெரியவே இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். இதைச் சொல்லாத குறிப்பை நம்பி, நான்கு நாள் குடித்துப் பார்த்துவிட்டு மூலிகையைக் குறை சொல்பவர்களும் உண்டு. தானாகவே அடங்கவிருந்த வலி அடங்கியதும் மூலிகையைப் புகழ்பவர்களும் உண்டு.

இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்டவை பட்டர்பர், ஃபீவர்ஃபியூ என்னும் இரண்டு செடிகள். பட்டர்பரின் கதையை ஒவ்வொரு வாசகரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 2004-இல் வெளியான, 245 பேர் பங்கேற்ற ஆய்வில், அதன் வேர்த்தண்டுச் சாற்றை நாளொன்றுக்கு இருமுறை 75 மில்லிகிராம் வீதம் நான்கு மாதங்கள் உட்கொண்டவர்களுக்கு வலி வரும் எண்ணிக்கை 48 விழுக்காடு குறைந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களுக்கோ 26 விழுக்காடு குறைந்தது. இத்தகைய சான்றுகளைக் கொண்டு அமெரிக்க நரம்பியல் கழகம் 2012-இல் அதை உயர்ந்த தரவரிசையில் பரிந்துரைத்தது. ஆனால் அச்செடியில் இயல்பாகவே உள்ள பைரோலிசிடின் அல்கலாய்டுகள் என்னும் வேதிப்பொருட்கள் கல்லீரலைக் கெடுக்கக்கூடியவை. அவற்றை நீக்கிவிட்டதாகக் கூறி விற்கப்பட்ட மாத்திரைகளை உட்கொண்டவர்களிடமும் கல்லீரல் பாதிப்பு பதிவானதால், அதே கழகம் 2015-இல் அந்த வழிகாட்டுதலை விலக்கிக்கொண்டது. பலன் இல்லை என்பதற்காக அது கைவிடப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பலன் தரும் பொருள் பாதுகாப்பானதாகவும் இருக்கும் என்று நாமாக எண்ணிக்கொண்டதே பிழை.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபீவர்ஃபியூவின் பலன் அடக்கமானது. 2005-இல் வெளியான, 16 வாரங்கள் நடந்த ஆய்வில், அதன் சாற்றை உட்கொண்டவர்களுக்கு மாதத்திற்கு 1.9 முறையும், போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 1.3 முறையும் வலி குறைந்தது. ஆக, செடி தந்த கூடுதல் நன்மை மாதத்திற்கு 0.6 முறை மட்டுமே. மாதம் ஐந்து முறை படுத்துக்கிடப்பவருக்கு அதுவும் அற்பமன்று என்பேன். எனினும் ‘முற்றிலும் குணமாகும்’ என்று எழுத அது இடம் தராது. இலையைப் பச்சையாக மென்றால் வாயில் புண் வரலாம். நெடுநாள் உட்கொண்டு திடீரென நிறுத்தினால் தலைவலியும் தூக்கமின்மையும் திரும்பலாம். கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடும் என்பதால் கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இஞ்சியோ வந்த வலியைத் தணிக்க ஓரளவு உதவலாம். தினமும் இஞ்சிச் சாற்று மாத்திரை கொடுத்து நடத்திய தடுப்பு ஆய்வில் போலி மாத்திரையைவிட அது மேம்பட்டதாகத் தெரியவில்லை.

மூலிகைக் குறிப்பு வெளியிட வேண்டாம் என்று நான் கோரவில்லை. வலி மாத்திரைகளை மாதத்தில் 15 நாட்களுக்கு மேல் விழுங்கினால் அந்த மாத்திரைகளே தலைவலியை வளர்க்கும் என்பதால், தடுப்பு வழியைத் தேடுவது நியாயமே. ஒவ்வொரு குறிப்பிலும் எந்தச் செடியின் எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள், யார் தவிர்க்க வேண்டும் என்ற நான்கையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடி விழுந்தாற்போல் திடீரெனத் தாக்கும் தலைவலிக்கும், பேச்சுக் குழறலோ கைகால் தளர்ச்சியோ சேர்ந்து வருவதற்கும் மூலிகை தேடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்ற ஒரு வரியையும் அதன் அடியில் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்