தலையில் அடிபட்ட பையனை உட்கார வையுங்கள், அண்ணே

வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை பக்கம் ஃபுட்பால் டோர்னமென்ட் நடத்தும் அண்ணன்களுக்கு வணக்கம்.

கோப்பை, ஜெர்சி, மைக் செட் என்று வசூல் பண்ணி, வேலையை விட்டு அலைந்து நடத்துகிறீர்கள், அதில் குறை சொல்ல வரவில்லை. சமீபத்தில் ஒரு மேட்சில் கார்னர் கிக்குக்கு எகிறிய இரண்டு பையன்கள் மண்டையோடு மண்டை மோதி விழுந்தார்கள். ஒருவனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம், எல்லாரும் அவனிடம் ஓடினார்கள். இன்னொருவனுக்கு ரத்தம் இல்லை, அதனால் தலையில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்து "ஒண்ணுமில்லடா, ஆடு" என்று அனுப்பிவிட்டார்கள். அவன் கீப்பரிடம் ஸ்கோர் கேட்டான், சொன்னதும் மறுபடியும் அதையே கேட்டான். பசங்க சிரித்தார்கள். கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு மூளை குலுங்கிப்போவது என்றால் இதுதான் அண்ணே.

மயங்கி விழுந்தால்தான் மூளையில் அடி என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நினைவே தப்பாது, சி.டி. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. அது ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம்; அபூர்வம்தான், ஆனால் அப்படிப் போனவர்களில் அதிகம் பேர் சின்ன வயசுப் பசங்க.

2020 டிசம்பர், கான்பெரா டி20 ஞாபகம் இருக்கும், நம்ம நடராஜனின் முதல் டி20 ஆச்சே. ஸ்டார்க் பந்து ஹெல்மெட்டில் பட்ட பிறகும் ஜடேஜா தொடர்ந்து பேட்டிங் ஆடினார், ஆனால் ஃபீல்டிங்குக்கு வரவில்லை, கன்கஷன் விதிப்படி அவருக்குப் பதிலாக வந்த சாஹல் 3 விக்கெட் எடுத்தார். இந்த மாற்றை எப்படி விடலாம் என்று ஆஸ்திரேலிய கோச் மேட்ச் ரெஃபரியிடம் சண்டைக்கே போனார், ஒன்றும் மாறவில்லை. அட, குத்து வாங்கவே ஏறும் அமெச்சூர் பாக்சிங்கில்கூட தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் ரிங்குக்குள் விடமாட்டார்கள். நம்ம கிரவுண்டில் ஐந்து நிமிஷம்!

ஃபுட்பால் சட்டத்திலேயே 2024-ல் இதற்கு வழி வந்துவிட்டது: கன்கஷன் சந்தேகம் என்றால் வழக்கமான சப் கணக்கில் சேராமல் ஒரு மாற்று ஆட்டக்காரர், எதிர் டீமுக்கும் ஒன்று கூடுதல், போட்டி நடத்துபவர்கள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். சப் வீணாகாது என்றால் கோச்சும் முரண்டு பிடிக்க மாட்டார். வெளியே எடுக்கும் முடிவு மட்டும் கோச்சிடமும் வேண்டாம், பையனிடமும் வேண்டாம், அவன் செமிஃபைனலில் ஆடமாட்டேன் என்றா சொல்லப்போகிறான்? ரெஃப்ரி சொல்லட்டும். வெளியே வந்தவன் அன்றைக்கு ஆடவே கூடாது, தனியாக பைக்கில் அனுப்பாமல் வீட்டுக்குப் போன் போடுங்கள். வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், இதில் எது இருந்தாலும் நேராக ஸ்டான்லி ஆஸ்பத்திரி.

அடுத்த டோர்னமென்ட் நோட்டீஸில் நுழைவுக் கட்டணத்துக்குக் கீழே இதற்கும் இரண்டு வரி இடம் விடுங்கள்.