பழுது சரக்கிலா, கையிலா: கோல்டு கோஸ்டிலிருந்து அண்ணனுக்கு

பர்லி ஹெட்ஸ்,
கோல்டு கோஸ்ட், குயின்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா.

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கு நலமாக இருக்கிறேன். அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லோருடைய நலத்தையும் அறிய ஆவல். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் சொன்ன செய்தி அன்றிலிருந்து மனதை விட்டு அகலவில்லை. பேச்சில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால், வேலை இல்லாத இன்றைய நாளில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஆவணியில் நம் கொட்டகையில் கட்டி இறக்கிக் கொடுத்த கண்ணாடி இழைப் படகின் அடிப்பாகத்தில் கொப்புளம் கண்டிருக்கிறது என்றீர்கள். படகுக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார், மேட், அதாவது நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு, கொடுத்த கடைக்காரரோ "உங்கள் ஆட்கள் ரோலரைச் சரியாக ஓட்டவில்லை" என்று கையை விரித்துவிட்டார் என்றும் சொன்னீர்கள். அண்ணா, அதே சொற்களை மூன்று மாதத்துக்கு முன் இங்கே நானும் கேட்டேன். அப்போது வெட்கத்தால் உங்களிடம் சொல்லவில்லை.

நான் வேலை பார்க்கும் பட்டறை கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தொழிற்பேட்டையில் இருக்கிறது. முதலாளியோடு சேர்த்து ஐந்து பேர். அலைச்சறுக்குப் பலகைக்கு உயிர் அதன் நடுவில் இருக்கும் நுரைக்கட்டை, பிளாங்க் என்பார்கள். பாலியூரிதேன் நுரையை அச்சில் வார்த்து, நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் மெல்லிய மரச் சட்டம் ஒன்றை ஒட்டி அனுப்புகிறார்கள். முதலாளி அதைச் செதுக்கி உருக்கொடுப்பார். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, இறுகிக் கெட்டியாகும் ரெசின் பிசினை ஊற்றிப் பரப்பி இழுப்பது என் வேலை. என்னிடமிருந்து அது தேய்ப்பவரிடம் போகும், பிறகு மெருகு. நம் கொட்டகையில் 450 கிராம் மேட்டும் 610 கிராம் ரோவிங் என்ற தடித்த நெய்த துணியும் மாற்றி மாற்றிப் போட்டுக் கனம் ஏற்றுவோம் அல்லவா? இங்கே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 135 கிராம் எடையுள்ள துணி, அடியில் ஒன்று, மேலே இரண்டு, அவ்வளவுதான். ஆறடிப் பலகை முடிந்த பிறகு மூன்று கிலோ இருந்தால் அதிகம். படகில் ஓர் அடுக்கில் நேர்ந்த பிசகை அடுத்த அடுக்கு மூடிவிடும். மேலே வண்ணப் பூச்சாக ஜெல் கோட்டும் இருக்கும். இங்கே மூடுவதற்கு ஒன்றும் இல்லை. வெள்ளைத் துணி ரெசின் பட்டதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, அடியிலிருக்கும் நுரையும் முதலாளி பென்சிலால் எழுதிய அளவும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பிப்ரவரியில் அந்தத் துணி மறையவில்லை. புதுத் துணி உருளையில் வெட்டிப் போட்ட முதல் பலகையில், ரெசின் கெட்டியான பிறகு, விளிம்பு ஓரமாக நரைத்த முடிபோல வெள்ளை இழைகள் தெரிந்தன. ரெசினைக் குறைத்து இழுத்துவிட்டேன் போலும் என்று நினைத்து, அடுத்த பலகையில் கூடுதலாக விட்டேன், அதிலும் அப்படியே. ஆறு பலகைகள் அப்படிப் போயின. முதலாளி கோபித்துக்கொள்ளவில்லை. நான் இழுக்கும்போது பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். அது கோபத்தைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது. பதினாறு வயதில் உங்களிடம் ரோலர் பிடிக்கக் கற்றுக்கொண்ட இந்தக் கைமேல் எனக்கே ஐயம் வந்துவிட்டது.

ஏழாவது பலகையைத் தொடும் முன், பழைய உருளையில் மிஞ்சிய துண்டு ஒன்று அலமாரியடியில் கிடந்தது நினைவுக்கு வந்தது. கழித்துப்போட்ட நுரைக்கட்டை ஒன்றின்மேல் இடப்பக்கம் பழைய துணி, வலப்பக்கம் புதிய துணி என்று அருகருகே விரித்து, ஒரே கோப்பையில் கலந்த ரெசினை ஒரே வீச்சில் இரண்டின்மேலும் இழுத்தேன். கை ஒன்று, ரெசின் ஒன்று, நேரம் ஒன்று. கால் மணி நேரத்தில் இடப்பக்கம் தண்ணீரைப் போலத் தெளிந்துவிட்டது. வலப்பக்கத்தில் இழைகளின் குறுக்கும் நெடுக்குமான பின்னல் ஒவ்வொன்றாக எண்ணும்படி வெள்ளையாக நின்றது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் விரலால் நடுக்கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

காரணம் இதுதான். கண்ணாடி இழையை நெய்யும்போது நூல் அறாமல் இருக்கக் கஞ்சி போன்ற ஒரு பசையைப் பூசுகிறார்கள். நெய்து முடித்ததும் அதைச் சூட்டில் எரித்து நீக்கிவிட்டு, கண்ணாடியும் ரெசினும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதற்காகச் சிலேன் என்ற பூச்சைக் கொடுக்கிறார்கள். அந்தப் பூச்சு சரியாக ஏறாவிட்டாலும், துணி ஈரத்தில் கிடந்தாலும், ரெசின் இழைக்குள் இறங்காமல் மேலோடு நின்றுவிடும். உருளையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊற்றிய பிறகுதான் தெரியும். தெரிந்த பிறகு அந்தப் பலகையை மீட்க வழியில்லை.

துணி கொடுத்த நிறுவனத்தார் முதலில் சொன்னது, எங்கள் பட்டறையில் ஈரப்பதம் அதிகம் என்று. இங்கே பிப்ரவரி மாதம் நம் ஊர் ஐப்பசி போலப் புழுங்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே புழுக்கத்தில்தான் பழைய துணி தெளிந்திருக்கிறது. பாதி பாதியாகச் செய்த மாதிரியின் படத்தை அனுப்பிய பிறகு பேச்சின் தொனி மாறியது. உருளையின் தொகுதி எண்ணைக் கேட்டார்கள். அந்த எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு உறையோடு குப்பைக்குப் போய்விட்டது. எண் இல்லாமல் எதுவும் செய்வதற்கில்லை என்றார்கள். இரண்டு நாள் அலைந்தோம். கடைசியில், அதே பெட்டியில் வந்த இரண்டு உருளைகளில் முன்பே தீர்ந்துபோன ஒன்றின் அட்டைக் குழாயைத் தேய்க்கும் நண்பர் ஆணியில் மாட்டி ஒட்டு நாடாக்களைக் கோத்து வைத்திருந்தது கண்ணில் பட்டது. குழாயின் உட்புறத்தில் சிறு சீட்டு ஒன்று, ஓரம் கிழிந்து, எண் மட்டும் முழுதாக ஒட்டியிருந்தது. அந்த விரல் நீளக் காகிதத்துக்காகத்தான் அவர்கள் புது உருளை அனுப்பினார்கள்.

புது உருளை மட்டுமே வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆறு நுரைக்கட்டைகள், முதலாளி செதுக்கிய நேரம், என் கூலி, ரெசின் எல்லாம் எங்கள் கணக்கிலேயே போயின. அவர்களுடைய பில்லின் பின்பக்கத்தில், பழுதான சரக்குக்கு மாற்றுச் சரக்கு கொடுப்பதோடு பொறுப்பு முடிந்தது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இந்த நாட்டில் 2011 முதல் நடப்பில் இருக்கும் நுகர்வோர் சட்டத்தில், 1,00,000 டாலர் வரையிலான பொருளை வாங்கும் தொழில் நிறுவனத்துக்கும் நுகர்வோருக்குரிய பாதுகாப்பு உண்டு. ஆனால் உற்பத்தியில் செலவழித்து வேறு பொருளாக மாற்றுவதற்கென வாங்கும் சரக்குக்கு அது கிடையாது. தேய்க்கும் இயந்திரம் பழுதானால் நாங்கள் நுகர்வோர். துணியும் ரெசினும் பழுதானால் நாங்கள் நுகர்வோர் அல்லர். எங்களிடம் பலகை வாங்கும் பிள்ளையோ முழு நுகர்வோர். பலகை உரிந்தால் அவர் எங்களிடம்தான் வருவார். அவருக்குப் பதில் சொல்வது எங்கள் கடமை. இரண்டு பக்கத்து இடியும் நடுவில் இருக்கும் மத்தளத்துக்கு என்பது போலத்தான் செய்பவன் நிலை. இது நியாயம் இல்லை என்று முதலாளியிடம் சொன்னேன். அவரும் அப்படியே நினைக்கிறார். ஆனாலும் அந்த நிறுவனத்தோடு உறவை முறிக்க அவருக்கு மனம் இல்லை.

அதற்கு ஒரு பழைய கதை காரணம். கலிஃபோர்னியாவில் கோர்டன் கிளார்க் என்பவர் நடத்திய நுரைக்கட்டை ஆலை ஒன்றை நம்பியே அமெரிக்கப் பலகைக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் தொழில் செய்து வந்தார்கள். 2005 டிசம்பர் 5, ஒரு திங்கட்கிழமை, அவர் எல்லோருக்கும் ஒரு நீண்ட ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு ஆலையை மூடினார். அச்சுகளையும் உடைத்துப் போட்டார். நுரை வார்க்கப் பயன்பட்ட நச்சு இரசாயனம் குறித்த அரசு நெருக்கடிகளும் வழக்கு அச்சமும் காரணம் என்று எழுதியிருந்தார். மறுநாள் முதல் செதுக்குவதற்குக் கட்டை இல்லாமல் எத்தனையோ பட்டறைகள் திண்டாடின. ஆஸ்திரேலியாவில் உள்ளூரிலேயே நுரை வார்ப்பவர்கள் இருந்ததால் இங்கே அவ்வளவு அடி விழவில்லை. என்றாலும் எங்கள் முதலாளி அந்தத் திங்கட்கிழமையை இன்னும் நேற்று நடந்ததுபோலச் சொல்கிறார். பழுதுக்குச் சண்டை போட்டுக் கடையை இழப்பதைவிட, இன்னொரு கடையையும் கையில் வைத்துக்கொள்வது மேல் என்பது அவர் எண்ணம். இப்போது துணியை இரண்டு இடங்களில் வாங்குகிறோம்.

வரும் சரக்கையெல்லாம் சோதித்த பிறகே தொடுகிறோம். ரெசினில் நமக்கும் இவர்களுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. நம் கொட்டகையில் ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை நாமே அளந்து கலந்து, அது நன்றாகக் கரைந்த பிறகு, இறுகத் தொடங்கவைக்கும் கேட்டலிஸ்ட்டை விடுவோம். இரண்டையும் நேராகச் சேர்த்தால் வெடிக்கும் என்று முதல் நாளே நீங்கள் என் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்தீர்கள். இங்கே ரெசின் வரும்போதே கோபால்ட் கலந்திருக்கிறது. ஆபத்து குறைவுதான், ஆனால் டிரம் வெயிலில் கிடந்ததா, நாள்பட்டதா என்பதைப் பொறுத்து இறுகும் நேரம் மாறிவிடும், அதைத் திருத்தும் வழி நம் கையில் இல்லை. அதனால் புது டிரம்மைத் திறந்ததும் 100 கிராம் எடுத்து, எப்போதும் விடும் அளவில் கேட்டலிஸ்ட் விட்டு, எத்தனை நிமிடத்தில் இறுகுகிறது என்று பார்த்து, வந்த தேதியோடு டிரம்மின் வயிற்றிலேயே மார்க்கரால் எழுதிவிடுகிறேன். ஒரு டிரம் பதினான்கு நிமிடம், அடுத்தது ஒன்பது. தெரியாமல் அந்த ஒன்பது நிமிட டிரம்மில் பலகையை ஆரம்பித்திருந்தால், விளிம்பை மடிப்பதற்குள் கூழாகியிருக்கும். பலகையின் அடியில் ஃபின் என்ற துடுப்பைப் பொருத்தும் பிளாஸ்டிக் பெட்டிகளில் அச்சு எண்ணெய் ஒட்டியிருந்தால் ரெசின் பிடிக்காது. அவற்றைச் சொரசொரப்பாகத் தேய்த்த பிறகே பதிக்கிறோம். ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு எதிரே எந்த டிரம், எந்த உருளை, எந்த நாள் என்று நோட்டில் எழுதுகிறேன். தமிழில்தான் எழுதுகிறேன், முதலாளிக்கு எண்கள் புரிகின்றன, அது போதும் என்கிறார்.

இனி நம் படகு. கொப்புளத்தை உடனே தேய்த்து மூடிவிட வேண்டாம். கண்ணுக்குப் பாதுகாப்புப் போட்டுக்கொண்டு ஒன்றைக் குத்திப் பாருங்கள். உள்ளிருந்து வரும் நீரில் புளித்த காடி வாடை அடித்தால், கடல் நீர் ஜெல் கோட்டைத் தாண்டி உள்ளே ஊறியிருக்கிறது என்று பொருள். மேட்டில் நறுக்கிய இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை இரண்டு வகை: ஒன்று பொடி, மற்றொன்று பால்போன்ற எமல்ஷன். எமல்ஷன் வகை தண்ணீரை எளிதில் இழுக்கும்; அடிப்பாகத்தில் ஜெல் கோட்டை ஒட்டிய முதல் அடுக்குக்குப் பொடி வகையே நல்லது. கரையில் ஏற்றிக் காயவைக்கும் படகைவிட, கடுவையாற்றில் நாள்கணக்கில் கட்டிக் கிடக்கும் படகில் இது சீக்கிரம் வெளிப்படும். பொடி மேட் என்று சொல்லி விற்றாரா, பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அசிட்டோன் நனைத்த துணியால் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் ரெசின் சரியாக இறுகவில்லை, அப்போது குற்றம் மேட்டில் மட்டும் இல்லை. நம் கையில்தான் பிசகு என்று தெரிந்தால் அதை ஒப்புக்கொண்டு செய்துகொடுப்போம். நீங்கள் அப்படித்தான் செய்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கடைக்காரர் மீதுதான் தவறு என்றால் விட்டுவிட வேண்டாம் அண்ணா. நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பவர் அந்தப் பிழைப்புக்காகவே வாங்கும் பொருளை வணிக நோக்கம் என்று ஒதுக்குவதில்லை. இந்த விஷயத்தில் இங்குள்ள என் முதலாளியைவிட உங்களுக்கு வழி அதிகம். ஆள் வைத்து வேலை செய்வதால் கேள்வி எழலாம். ஆகையால் வக்கீலைப் பார்த்துக் கேளுங்கள். தவறு நேர்ந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்க வேண்டும். சுனாமிக்குப் பிறகு 2005இல் அவசர அவசரமாகப் படகு கட்டிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் பெயர் கெட்டுப் போயிற்று என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அந்த நாளிலும் ஒரு படகுக்குக்கூடக் குறை கேட்காத உங்கள் பெயர், யாரோ விற்ற மேட்டினால் கெடுவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மேட் வந்த பிளாஸ்டிக் உறையை அண்ணி எடுத்து வைத்திருக்கக்கூடும்; மழைக்கு விறகு மூடுவதற்கு அவற்றைத்தான் பயன்படுத்துவார். அதில் ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பிரிக்காமல் படம் எடுத்து அனுப்புங்கள். ரெசின் வாடையை வடிகட்டும் முகமூடி இரண்டு வாங்கியிருக்கிறேன்; ஒன்று உங்களுக்கு, ஒன்று உங்களோடு ரெசின் கலக்கும் பையனுக்கு. வாயில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது. அடுத்த மாதம் ஊருக்கு வரும் நண்பரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலை அழைக்கிறேன். அதற்குள் ஒரு கொப்புளத்தையாவது குத்திப் பார்த்து வையுங்கள்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி