ரசத்தில் கலந்தது

அன்புள்ள தம்பிக்கு,

இன்று மாலை, நீ குடியை விட்ட முதலாண்டு நிறைவுக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தபோது, "நன்றாயிரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பாய். அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பது உங்கள் குழுவின் வழக்கம் என்பதால், யார் என்ன பேசினார்கள் என்பதையோ, ஊர்ப் பெயரையோ, அந்தப் பள்ளிக்கூட அறை இருக்கும் தெருவையோ இங்கே எழுதமாட்டேன். நம் சொந்தக்காரர்கள் படித்துக் கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும் என்று நீயே சொல்லிவிட்டாய்.

இதை உன் செல்பேசிக்கே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அடுத்த நிமிடமே அழைத்து, "அதனாலென்ன அக்கா" என்பாய். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆடியில் நீ வந்து, குடியை விட உங்கள் குழு சொல்லும் பன்னிரண்டு படிகளில் இது ஒன்பதாம் படி, தீங்கு செய்தவர்களிடம் ஈடு செய்வது என்று சொல்லி, என் வளையல்களுக்காக மன்னிப்புக் கேட்டாயே, அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஆனி மாதம் உன்னை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோமே, அன்று உன்னைக் கவிழ்த்தது கலப்படச் சரக்கு அன்று. நான் கலந்த மாத்திரை.

பதினொரு நாள் கலந்தேன். டைசல்ஃபிராம் என்று அதற்குப் பெயர்; குடியை நிறுத்தக் கொடுக்கும் மருந்து. கரண்டிக் காம்பால் பொடித்து, உனக்கென்று தனியாக எடுத்து வைத்த ரசத்தில் போடுவேன்; புளியும் மிளகும் எதையும் மறைத்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் நீ, "அக்கா, இன்றைக்கு ரசம் பிரமாதம்" என்று சொல்லி இரண்டாவது முறை வாங்கி ஊற்றிக்கொண்டாய். அதற்கும் ஊற்றினேன். பன்னிரண்டாம் நாள் கடையிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தவன், முகமும் கழுத்தும் செம்பருத்தியாகச் சிவக்க, நெஞ்சு அடித்துக்கொள்ள, வாந்தி எடுத்தபடியே சரிந்தாய். உன் மகள் சொம்பில் தண்ணீரோடு நின்று, "அப்பா செத்துப்போயிடுவாரா அத்தை?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொல்லவில்லை. மாத்திரை அட்டை என் இடுப்பில் செருகியிருந்தது.

அன்றிரவு பணியிலிருந்த மருத்துவரிடம் மட்டும் அட்டையைக் காட்டினேன். உடலுக்குள் போகும் சாராயம் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறி, பிறகுதான் தீங்கில்லாததாகக் கழியும் என்றும், இந்த மாத்திரை அந்த இரண்டாம் கட்டத்தை அடைத்துவிடுவதால் நஞ்சு உள்ளேயே தங்கிவிடும் என்றும், ரத்த அழுத்தம் இன்னும் இறங்கியிருந்தால் உயிரே போயிருக்கும் என்றும் அவர் சொன்னார். குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் பார்வையில் கொடுக்க வேண்டிய மருந்தாம் அது. அவருக்குத் தெரியாமலேயே குடியை மறக்கடிக்கலாம் என்று விளம்பரம் போடுகிறவர்கள் இதையெல்லாம் எழுதுவதில்லை. ஆனால் நான் விளம்பரத்தின் மேல் பழிபோட்டுத் தப்பிக்கவும் முடியாது. நீ சாக வேண்டும் என்று நினைத்த நாள்களும் உண்டு. அந்தப் பதினொரு நாளில் இல்லை. அதை நீ நம்ப வேண்டும்.

அந்த மருத்துவர்தான் சீட்டின் பின்புறம் குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவின், அதாவது இப்போது நீ போகும் குழுவின், எண்ணை எழுதித் தந்தார். நான்கு முறை அழைத்த பிறகு ஒருவர் எடுத்தார். "குடிப்பவரே கூப்பிடட்டும் அம்மா, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்று போதும்; நாங்களாக வந்து இழுத்துப் போகமாட்டோம்" என்றார். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடிநோயாளிகள் இருவர் ஒருவரோடு ஒருவர் பேசியதில் தொடங்கியது இது என்று அவர் விளக்கப் போக, இங்கே அரிசி வாங்கக் காசில்லை, எனக்கு எதற்கு ஏக்ரன் என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். சீட்டை நாட்காட்டியின் பின்னால் செருகினேன். மூன்று மாதம் கழித்து ஒரு முற்பகல், பன்னிரண்டு மணிக்குக் கடை திறக்குமுன், அதை நீயே எடுத்துப் பேசினாய். அன்றைக்கு ஏன் என்று இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. அந்த அறையில் சொல்லியிருப்பாய்.

பதினொரு ஆண்டு நான் கெஞ்சினேன், உன்னை அறைக்குள் பூட்டினேன், உன் கடன்காரர்களிடம் பொய் சொன்னேன். உங்கள் குழுவின் சைக்கிள் கடைக்காரர் ஒருவர் "வா" என்றார், போய்விட்டாய். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம் என்று சொல்லி முதல் வாரம் உன்னை மருத்துவமனையில் சேர்த்ததும் அவர்தான். நான் பூட்டிவைத்த அறையில் உனக்கு என்னென்ன ஆகியிருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு நான் காலமெல்லாம் கடமைப்பட்டவள். ஆனாலும் இன்று பதக்கத்தை அவர் கையால் வாங்கி, அவரைக் கட்டிக்கொண்டு நீ அழுதபோது எனக்கு வயிறு எரிந்தது.

குடும்பத்தாருக்காக 1951-இல் தொடங்கிய அல்-அனான் கூட்டத்திற்கு ஒருமுறை போனேன். குடியை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது என்றார்கள். முதலாவது ஆறுதலாக இருந்தது. மற்ற இரண்டிலும் கோபம் வந்து எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் மறுபடியும் போவதாக இருக்கிறேன். வீட்டில் கேட்பவர்களுக்குக் கோவிலுக்கு என்று சொல்லிக்கொள்வேன்.

ஞாயிறு மதியம் சாப்பிட வருவதாகச் சொன்னாய். ரசம் வைக்கட்டுமா, வேண்டாமா என்பதை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடு.

உன் அக்கா