கியர்பொக்ஸை இறக்க முன் றப்பரை உரித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளியிலிருந்து கிண்ணியாப் பக்கப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை ஏற்றிச் செல்லும் வான் சாரதி நான். கிளச்சை மிதித்தும் கியர் விழவில்லை என்று போனால், வண்டிக்குக் கீழே குனிந்துகூடப் பார்க்காமல் "பிளேட் முடிஞ்சுது, கியர்பொக்ஸ் இறக்கவேணும்" என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஊர்க் கராஜ்கள் சிலவற்றில் இருக்கிறது. இது நிற்கவேண்டும்.

கிளச் பிளேட் தேய்ந்த வண்டியில் பெரும்பாலும் கியர் விழும், ஆனால் இழுக்காது. எஞ்சின் இரையும், வேகம் கூடாது. கியர் விழ மறுப்பது நேர்மாறான கோளாறு. மிதித்தும் கிளச் முழுதாக விடவில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போது எல்லாக் கியரும் லேசாக விழுந்து, ஸ்டார்ட் பண்ணியதும் முரண்டு பிடித்தால், ரிவர்ஸ் கரகரத்தால், முதலில் பார்க்கவேண்டியது பெடலின் மிதியைக் கிளச்சுக்குக் கொண்டுபோகும் ஒயில் பக்கம். பெடலை நாலைந்து தடவை அடித்து மிதித்தபின் கியர் விழுகிறதென்றால் லைனில் காற்று இருக்கிறது, அல்லது பம்ப் றப்பர் பிடிக்கவில்லை.

என் வானுக்குப் போன மாரியில் இதுதான் நடந்தது. ஒரு கராஜில் கியர்பொக்ஸ் இறக்கக் கூலி பேசினார்கள். நான் சம்மதிக்காமல், நிலாவெளி வீதியில் வேலை செய்யும் வயதான பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கியர்பொக்ஸ் பக்கம் கிளச்சைத் தள்ளும் கீழ்ப் பம்பின் றப்பர் உறையை விரலால் உரித்தார். உள்ளே ஈரம், கறுத்த ஒயில். பெடலுக்குப் பின்னால் ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் பம்ப் தண்டையும் தடவிப் பார்த்தார், அது காய்ந்திருந்தது. கீழ்ப் பம்பை மட்டும் கழற்றிப் புது றப்பர் போட்டு, என்னைப் பெடலில் இருத்திக் காற்று எடுத்தார். மிதி என்றால் மிதித்துப் பிடிக்கவேண்டும், அவர் காற்று வெளியேறும் நிப்பிளை மூடிய பிறகுதான் காலை விடவேண்டும். முந்தி விட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். அன்று மத்தியானமே வண்டி ஓடியது.

சில புதிய கார்களில் கீழ்ப் பம்ப் கியர்பொக்ஸுக்கு உள்ளேயே இருக்கும். அது ஒழுகினால் இறக்கத்தான் வேண்டும். கீழ்ப் பம்பின் தள்ளு தண்டு முழுதாக நகர்ந்தும் கியர் விழாவிட்டாலும் சரி, போர்க், பெயாரிங், பிரஷர் பிளேட் என்று உள்ளே பார்க்கலாம். அதற்கு முன் இறக்குவது வீண் செலவு.

எங்கள் ஊரின் ஈரக் காற்றுக்கு இந்த ஒயிலைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். கிளச்சுக்கு ஊற்றுவது பிரேக் ஒயில்தான். அது தண்ணீரை உறிஞ்சும். நாட்பட்டால் பம்பின் உட்சுவர் துருப்பிடித்துச் சொரசொரத்து றப்பரை அரிக்கும். 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது. போத்தலில் எழுதியிருக்கும் டொட் 3, டொட் 4 என்பதை வண்டியின் ஒயில் டப்பா மூடியோடு ஒப்பிட்டு வாங்குங்கள். எஞ்சின் ஒயிலை ஒரு சொட்டும் விடக்கூடாது, றப்பர் ஊதிப் பழுதாகும்.

பல கார்களில் கிளச்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஒயில் டப்பா. கிளச்சுக்குப் போகும் குழாய் சற்று மேலே இருப்பதால், ஒயில் இறங்கினால் முதலில் கிளச்தான் சொல்லும். அந்த நேரம் பிரேக் லைன்களையும் பார்க்காமல் வண்டியை வீதிக்கு எடுக்கவேண்டாம்.

கராஜ் வைத்திருக்கும் அண்ணன்மார் இந்தச் சோதனைகளை வண்டிக்காரரின் கண்முன்னே செய்துகாட்டிவிட்டுக் கூலி பேசவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வான் சாரதி ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.