பலிபீடத்தை ஒரே கல்லில் போடுங்கள்: திருப்பணிக் குழுவினருக்கு ஒரு கல்தச்சனின் மடல்

மதிப்புக்குரிய பங்குத்தந்தையருக்கும், புதுக் கோயில் கட்டும் திருப்பணிக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் மார்பிளில் பலிபீடம் செய்கிறவன். உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. பீடத்தின் மேசையை, அதாவது மேல்பலகையை, ஒரே கல்லில் போடுங்கள். செங்கல்லைக் கட்டி, அதன்மேல் மார்பிளை ஒட்டி முடித்துவிடாதீர்கள்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. ஒருமுறை நானே அப்படிச் செய்து கொடுத்தேன். கோபுரம், ஜன்னல், தரை, ஒலிபெருக்கி எல்லாம் முடிந்து, அர்ச்சிப்புக்கு, அதாவது ஆயர் கோயிலைப் புனிதப்படுத்தும் சடங்குக்கு, தேதியும் குறித்த பிறகு, மூன்று வாரம் இருக்கும்போது கூப்பிட்டார்கள். பெரிய கல் தேடிக் கொண்டுவர நேரமில்லை. செங்கல் கட்டி, 18 மில்லிமீட்டர் பலகைகளை ஒட்டினேன். மேலே நட்டநடுவில் ஓர் இணைப்பு. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அர்ச்சிப்பு நாளில் ஆயர் கிறிஸ்மா என்னும் புனித எண்ணெயை நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஊற்றிப் பூசினார். மறுமாதம் போய்ப் பீடத்துணியை விலக்கிப் பார்த்தேன். வெள்ளைக் கல்லில், தைலம் ஊறி, இணைப்பின் இருபக்கமும் விரல் அகலத்துக்கு மஞ்சள் கோடு. விரலால் தட்டினால் பொத்தென்று சத்தம், ஒட்டு விட்டிருந்தது. அந்தக் கோடு இன்றுவரை என் மனதைவிட்டுப் போகவில்லை.

இது என் விருப்பம் மட்டுமல்ல. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் 1236-ஆம் எண்ணைப் பாருங்கள். நிலையான பீடத்தின் மேசை கல்லாக, அதுவும் ஒரே இயற்கைக் கல்லாக இருப்பதே திருச்சபையின் மரபு என்கிறது. ஆயர் பேரவை ஏற்றுக்கொண்டால், தகுதியும் உறுதியும் உள்ள வேறு பொருளும் ஆகலாம். தாங்குகிற அடிப்பாகமோ எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். எனக்கு இந்தக் கடைசி வரிதான் பெரிய துணை. பணம் பற்றவில்லையா, அடியில் குறைத்துக்கொள்ளுங்கள். செதுக்குவேலை வேண்டாம், செங்கல்லில் கட்டிப் பூசினாலும் சரி. மேசையில் மட்டும் கைவைக்காதீர்கள்.

அப்புறம், பாரம். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் உள்ள மார்பிள் பலகை ஏறத்தாழ 540 கிலோ வரும். அடிப்பாகத்தின் எடை தனி. ஆகவே தரை போடும் முன்பே பீடம் நிற்கும் இடத்தைச் சொல்லுங்கள். அதற்குக் கீழே உறுதியான அஸ்திவாரம் வேண்டும். சுவரை ஒட்டாமல், குருவானவர் தூபக்கலசத்தோடு தாராளமாகச் சுற்றிவர இடம் விடுங்கள். புனிதரின் திருப்பண்டம் (எலும்பு போன்ற புனித எச்சம்) வைப்பதாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழைய பீடங்களின் மேசையில் குழி இருப்பதைப் பார்த்துவிட்டு அதே மாதிரி கேட்கிறவர்கள் உண்டு. 1977-இல் வந்த அர்ச்சிப்புச் சடங்குமுறைப்படி, திருப்பண்டத்தை மேசைக்குக் கீழேதான் வைக்க வேண்டும். மேசைக்குள் பதிக்கக் கூடாது. குடைந்த கல்லை யாராலும் திருத்த முடியாது.

பலகையை லாரியில் படுக்கவைத்து ஏற்றமாட்டோம், நிறுத்தித்தான் கொண்டுவருவோம். மார்பிள் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. படுக்கவைத்தால் ஒரு குலுக்கலில் தன் பாரத்திலேயே முறிந்துபோகலாம். கோயிலுக்குள் துணிப்பட்டை கட்டி, செயின் பிளாக்கில் தூக்கி இறக்குவோம். கடைசி இரண்டு விரல் உயரம்தான் பெரும்பாடு. பட்டையை உருவியாக வேண்டும், ஆனால் அடியில் கை கொடுக்க முடியாது. அதற்காக ஐஸ் கட்டிகளை வைத்து, அவற்றின்மேல் கல்லை இறக்கி, பட்டையை உருவிவிட்டுக் காத்திருப்போம். ஐஸ் உருக உருகக் கல் மெல்ல, ஓசையில்லாமல் தன் இடத்தில் உட்காரும். அந்த நேரத்தில் நாங்கள் யாரும் பேசுவதில்லை.

மேசையை அடிப்பாகத்தோடு பிணைக்கும் முளைக்கு, செலவைக் குறைக்க இரும்பே போதும் என்று சொல்லாதீர்கள். துருப்பிடித்துப் பருத்தால் அது கல்லையே வெடிக்கவைக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் வேண்டும்.

பீடத்தைப் பராமரிக்கும் கோயில்பிள்ளையிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அர்ச்சிப்புச் சடங்கில் தைலத்தைத் துடைக்கும் கட்டம் வரும்போது, அவசரப்படாமல் நன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். திராட்சை இரசம் சிந்தினால் உடனே ஈரத்துணியால் ஒற்றி எடுக்கட்டும். எலுமிச்சை, வினிகர், ஆசிட் எதுவும் பீடத்தின் பக்கமே வரக் கூடாது. புளிப்பு பட்ட இடத்தில் மெருகு போய்விடும்.

கடைசியாக, கல் பார்க்கப் போகிற நாளில் குழுவிலிருந்து இரண்டு பேராவது என்னோடு வாருங்கள். பலகையைத் தொங்கவிட்டு, மரச்சுத்தியலால் தட்டிக் காட்டுகிறேன். நல்ல கல் மணி மாதிரி ஒலிக்கும். உள்ளே கீறல் இருந்தால் ஓசை அப்படியே அடங்கிப்போகும். அதை உங்கள் காதால் கேட்ட பிறகு அர்ச்சிப்புக்குத் தேதி குறியுங்கள்.