கார் விலை பேசப் போகும் செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சின்னவள் வேலையில் சேர்ந்ததற்கு என் வாழ்த்தைச் சொல்லிவிடு. இங்கே எல்லோரும் சுகம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். எந்தக் கார் என்று முடிவு செய்தாயிற்று, ஷோரூமில் போய் விலை பேசத்தான் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். கூச்சமே வேண்டாம். அங்கே வாய் சாமர்த்தியத்துக்குப் பெரிய வேலை இல்லை. வீட்டிலிருந்தே கணக்கு போட்டுக்கொண்டு போகிறவனுக்கு நியாயமான விலை கிடைத்துவிடும்.

முதலில் டீலருக்குக் காசு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள். புது வண்டியின் விலையில் அவருக்கு நேராகக் கிடைக்கும் லாபம் நாம் நினைக்கிற அளவு பெரிதல்ல. சாதாரண மாடல்களில் பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். கடன் ஏற்பாடு செய்து கொடுத்தால் கமிஷன், இன்ஷூரன்ஸ் போட்டால் கமிஷன், ஆக்சஸரீஸ், கூடுதல் வாரண்டி, நீ கொடுக்கும் பழைய வண்டியை மறுபடி விற்பது, பிறகு வருஷக்கணக்கில் சர்வீஸ் என்று மற்ற இடங்களில்தான் வரும்படி அதிகம். இதற்கு மேல், மாதத்துக்கோ காலாண்டுக்கோ இத்தனை வண்டி விற்றால் இவ்வளவு என்று கம்பெனி தரும் ஊக்கத்தொகையும் உண்டு. அதனால்தான் வண்டி விலையில் தாராளமாகக் குறைத்ததுபோல் காட்டிவிட்டு, அதே தொகையை இன்ஷூரன்ஸிலும் ஆக்சஸரீஸிலும் திரும்ப எடுத்துவிட முடிகிறது. தள்ளுபடியைத் தனியாகப் பார்த்து மகிழ்ந்து போகாதே என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நீ பேச வேண்டியது ஒரே ஒரு தொகையைப் பற்றி. சாவி கைக்கு வரும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்? அதை வரிவரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்: வண்டியின் அடிப்படை விலை, வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ், ஆக்சஸரீஸ், வாரண்டி, மற்றவை. வரியும் பதிவுக் கட்டணமும் அரசாங்கம் வைப்பது. அதில் பேரம் கிடையாது. ஒரே ஊரில், ஒரே வண்டிக்கு, ஒரே அடிப்படை விலைக்கு அது இரண்டு டீலர்களிடம் வேறுபட்டால் யாரோ அதற்குள் எதையோ சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம், விளக்கம் கேள். 'மற்றவை', 'கையாளும் செலவு', 'ஆவணச் செலவு' என்ற பெயரில் வரும் கட்டணங்களை ஒவ்வொன்றாகக் கைவைத்துக் காட்டி, இது எதற்கு, சட்டப்படி கட்டியே ஆக வேண்டியதா என்று கேள். பாதிக் கட்டணங்கள் அந்தக் கேள்வியிலேயே காணாமல் போகும். நீக்க முடியாது என்றால் அதே அளவு அடிப்படை விலையில் குறைக்கச் சொல். உனக்கு மொத்தம்தான் கணக்கு.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வழக்கம் உண்டு. விற்பவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நான்கு கட்டமாக்குவார். ஒன்றில் வண்டி விலை, ஒன்றில் உன் பழைய வண்டிக்கு அவர் தரும் விலை, ஒன்றில் முன்பணம், ஒன்றில் மாதத் தவணை. பேச ஆரம்பித்ததும் பேனா கட்டத்துக்குக் கட்டம் தாவும். விலை ஜாஸ்தி என்றால் பழைய வண்டிக்குக் கொஞ்சம் கூட்டுவார். தவணை ஜாஸ்தி என்றால் மாதங்களை நீட்டுவார் அல்லது முன்பணத்தைக் கூட்டச் சொல்வார். ஏதோ ஒரு கட்டத்தில் உனக்குச் சாதகமாக எண் மாறிக்கொண்டே இருக்கும், மொத்தத்தில் ஒன்றும் மாறியிருக்காது. இப்போது தாளுக்குப் பதில் கணினித் திரை வந்திருக்கலாம், முறை அதேதான். இதற்கு மாற்று, ஒரு நேரத்தில் ஒரு கட்டம். முதலில் புது வண்டியின் மொத்த விலை. அது எழுத்தில் வந்து முடிந்த பிறகுதான் பழைய வண்டி. அதுவும் முடிந்த பிறகு கடன். "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே கேட்பார்கள். "அதை அப்புறம் பார்க்கலாம், முதல்ல வண்டி விலையை முடிப்போம்" என்று மட்டும் சொல். தவணைத் தொகையை நீ சொல்லிவிட்டால் அதற்கு ஏற்றபடி மற்ற எல்லாவற்றையும் வளைத்துவிடலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கணக்கிலேயே பார். ஒரு லட்சம் கடன், குறையும் நிலுவையில், அதாவது இன்னும் கட்டாத அசலுக்கு மட்டும், 9 சதவீத வட்டி. 60 மாதம் என்றால் தவணை ஏறத்தாழ 2,076, மொத்தம் கட்டுவது 1,24,550. அதையே 84 மாதமாக்கினால் தவணை 1,609 ஆகக் குறைகிறது. பார்க்க லேசாக இருக்கும். ஆனால் மொத்தம் 1,35,150 ஆகிவிடும். வட்டி மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் கூடுதல். அதோடு வண்டியின் மதிப்பு முதல் சில வருஷங்களில்தான் வேகமாக இறங்கும். நீண்ட கடனில் அசல் மெதுவாகக் கரைவதால், நடுவில் விற்க நேர்ந்தால் வண்டி விலையைவிட பாக்கி அதிகமாக நிற்கலாம்.

வட்டி விகிதத்தைச் சொல்லும்போது ஃப்ளாட்டா, குறையும் நிலுவையா என்று கேட்க மறக்காதே. ஐந்து வருஷத்துக்கு 5 சதவீத ஃப்ளாட் என்பது குறையும் நிலுவைக் கணக்கில் 9-ஐத் தாண்டிவிடும், ஏனென்றால் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு அசலுக்கும் போட்டது. 'வட்டியே இல்லாத கடன்' என்று விளம்பரம் இருந்தால், ரொக்கமாக எடுப்பவருக்கு என்ன தள்ளுபடி என்று கேள். 100 ரூபாய் வண்டியை ரொக்கத்தில் 92-க்குத் தருவார்கள், வட்டியில்லாக் கடனில் 36 மாதத்தில் மொத்தம் 100 கட்ட வேண்டும் என்றால், நீ 5.5 சதவீத வட்டி கட்டுகிறாய் என்றுதான் அர்த்தம். உன் வங்கியில் அதற்குக் குறைவாகக் கிடைத்தால் அங்கே வாங்கு, இல்லையென்றால் டீலர் கடனே நல்லது. எப்படியும் ஷோரூமுக்குப் போகுமுன் வங்கியிலிருந்து ஒரு ஒப்புதல் கையில் இருக்கட்டும். செயல்பாட்டுக் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம், இரண்டையும் சேர்த்து ஒப்பிடு.

இனி விலை. குறைந்தது மூன்று டீலர்களிடம், மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ, எழுத்தில் கொட்டேஷன் வாங்கு. மாடல், வேரியண்ட், நிறம், தயாரிப்பு மாதம், இன்ஷூரன்ஸில் என்னென்ன சேர்த்தது என்று எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டால்தான் ஒப்பிட முடியும். வேரியண்ட் ஒரு படி மாறினாலே ஒப்பீடு பயனில்லை. வரும் தள்ளுபடியில் கம்பெனி தருவது எவ்வளவு, டீலர் தன் கையிலிருந்து தருவது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல். இதைப் பலர் கேட்பதில்லை. கம்பெனியின் சலுகை எந்த டீலரிடம் போனாலும் கிடைப்பது. அதையே தன் தள்ளுபடியாகக் காட்டுகிறவர் உனக்கு இன்னும் எதுவும் தரவில்லை. பேரம் நடக்க வேண்டியது அந்த இரண்டாவது பகுதியில்தான். பண்டிகைச் சலுகை, பழைய வண்டி மாற்றுச் சலுகை, நிறுவன ஊழியர் சலுகை இவற்றில் எதையெல்லாம் ஒன்றாகச் சேர்க்கலாம், எது சேராது என்பதையும் எழுத்தில் கேள்.

எப்போது போவது என்றும் கேட்டிருந்தாய். மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி என்பதில் விஷயம் இருக்கிறது. இலக்கைத் தொட இரண்டு வண்டி குறைகிறது என்ற நிலையில் இருக்கும் டீலர், உன் வண்டியில் லாபமே இல்லாமல்கூட விற்பார். ஊக்கத்தொகை அதை ஈடுகட்டிவிடும். ஆனால் இலக்கு ஏற்கெனவே முடிந்திருந்தால் கடைசி தேதிக்கு ஒரு மதிப்பும் இல்லை. இதைவிட நம்பத் தகுந்தது, யார்டில் நிற்கும் வண்டியின் வயது. டீலர்கள் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் வண்டியை இருப்பில் வைக்கிறார்கள், நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஓடுகிறது. மூன்று மாதமாக ஒரு நிறம் விற்காமல் நின்றால் அதைத் தள்ளிவிடத்தான் பார்ப்பார். உனக்கு நிறம் முக்கியமில்லை என்றால் அங்கே நல்ல விலை படியும். ஆனால் போன வருஷத் தயாரிப்பு என்றால் தள்ளுபடி கணிசமாக இருக்க வேண்டும். நீ விற்கும் நாளில் அது ஒரு வருஷம் பழைய வண்டியாகத்தான் எண்ணப்படும். பத்துப் பன்னிரண்டு வருஷம் வைத்திருப்பவனுக்கு அந்த நஷ்டம் சின்னது, மூன்று வருஷத்தில் மாற்றுகிறவனுக்குப் பெரிது.

காத்திருப்புப் பட்டியல் உள்ள மாடல் என்றால் தள்ளுபடிக்காகப் போராடாதே, கிடைக்காது. வேண்டாத ஆக்சஸரீஸைத் தலையில் கட்டாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வெற்றி.

மேஜையில் உட்காரும்போது மூன்று கொட்டேஷனும் அச்செடுத்துக் கையில் இருக்கட்டும். குறைந்த கொட்டேஷனுக்குக் கொஞ்சம் கீழே ஒரு தொகையைச் சொல், காரணத்தோடு சொல்: "இந்த விலைக்கு இன்னொரு இடத்தில் எழுதியே கொடுத்திருக்கிறார்கள். எனக்கு உங்கள் சர்வீஸ் சென்டர் பக்கம். இந்தத் தொகைக்கு முடியுமென்றால் இன்றே அட்வான்ஸ் கட்டுகிறேன்." சொல்லிவிட்டுப் பேசாமல் இரு. அந்த மௌனத்தை நாமே உடைத்து நாமே தொகையை ஏற்றிவிடுவதுதான் எல்லோரும் செய்வது. மேனேஜரைக் கேட்டு வருகிறேன் என்று எழுந்து போவார், நேரம் எடுப்பார். போகட்டும். நீ ஏற்ற வேண்டி வந்தால் ஒவ்வொரு முறையும் முந்தையதில் பாதி அளவு ஏற்று, உன் எல்லை நெருங்குகிறது என்று அவருக்கே புரியும். இன்று மட்டும்தான் இந்த விலை என்றால், இன்றைய தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், காலையில் சொல்கிறேன் என்று எழுந்துவிடு. பெரும்பாலும் மறுநாள் அவர்களே கூப்பிடுவார்கள். விற்கிற பையனிடம் கடுமையாகப் பேசாதே. அவனுக்கும் இலக்கு இருக்கிறது, பிறகு டெலிவரிக்கு ஓடப்போவதும் அவன்தான்.

பழைய வண்டிக்கு வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போ. பழையதற்கு அதிகம் கொடுத்துப் புதியதில் தள்ளுபடியைச் சுருக்குவது சர்வசாதாரணம். புது வண்டியின் மொத்த விலையிலிருந்து பழையதன் விலையைக் கழித்தால் வரும் வித்தியாசம், அந்த ஒரு எண்ணைப் பார். மாற்றிக் கொடுத்ததும் பெயர் மாற்றம் முடிந்ததற்கான ஆதாரத்தைக் கேட்டு வாங்கு. அது முடியாதவரை அந்த வண்டி செய்யும் விபத்துக்கு உன் பெயர்தான் நிற்கும்.

கூடுதலாக விற்பவற்றில் என் அபிப்பிராயம் இது. அடிப்பாகத் துருத் தடுப்புப் பூச்சு வேண்டாம். இப்போதைய பாடிகள் தொழிற்சாலையிலேயே துருத் தடுப்புப் பூச்சோடு வருகின்றன, மேலே கவனமில்லாமல் அடித்தால் கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டு உள்ளேயே துரு பிடிக்கும். டயருக்கு நைட்ரஜன் இலவசம் என்றால் சரி, காசு என்றால் வேண்டாம். நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பெயிண்ட் கோட்டிங் ஆசைப்பட்டால் வெளியில் விலை கேள். கூடுதல் வாரண்டி நல்ல விஷயம்தான், குறிப்பாக எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த வண்டிக்கு. ஆனால் கம்பெனியின் சொந்த வாரண்டியா, வேறு நிறுவனத்துடையதா என்று பார். பெரும்பாலான கம்பெனிகளில் அதை முதல் வாரண்டி முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், அன்றே முடிவெடுக்கும் அவசரம் இல்லை. இன்ஷூரன்ஸுக்கு நீயே ஒரு விலை வாங்கிக்கொண்டு போ. ஒப்பிடும்போது காப்பீட்டு மதிப்பும் (வண்டி திருடுபோனாலோ முழுதாகச் சேதமானாலோ கிடைக்கும் தொகை) கூடுதல் பாதுகாப்புகளும் ஒன்றாக இருக்கிறதா என்று பார், மதிப்பைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் தானாகக் குறையும்.

அட்வான்ஸ் ரசீதில் நான்கு விஷயம் எழுதியிருக்க வேண்டும்: பேசி முடித்த மொத்தத் தொகை, டெலிவரி தேதி, நடுவில் விலை ஏறினால் யார் ஏற்பது, ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும். வாய்வார்த்தை போதாது, பேசிய ஆள் வேலை மாறிப் போய்விட்டால் கேட்க ஆளிருக்காது.

முழுப் பணத்தையும் வண்டியைக் கண்ணால் பார்க்காமல் கட்டாதே. உன் பெயரில் பதிவு ஆவதற்கு முன் பகல் வெளிச்சத்தில் பார். பதிவான பிறகு வேண்டாம் என்று சொல்வது மகா கஷ்டம். சேசிஸ் எண் 17 எழுத்து. அதில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது, அப்படித் தெரிந்தால் அது ஒன்றோ சுழியமோ. எழுதிக்கொண்டு வந்து இன்வாய்ஸோடு ஒத்துப் பார். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், 2325 என்றால் 2025-இல் 23-வது வாரம் செய்தது. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், அது உள்பக்கமாகவும் இருக்கலாம், குனிந்து பார். நான்கு டயரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் பல மாதம் தள்ளி இருந்தால் ஏன் என்று கேள். கதவு ரப்பரின் ஓரத்தில் பெயிண்ட் துளி தெறித்திருந்தால் அந்தப் பக்கம் மறுபடி அடித்திருக்கிறார்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, இரண்டாவது சாவி, ஏசி, எல்லாக் கண்ணாடியும் ஏறி இறங்குவது, ஓடிய கிலோமீட்டர், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து. முன்கூட்டியே நிரப்பி வைத்த டெலிவரி படிவத்தில் 'எல்லாம் சரி' என்று டிக் அடித்திருப்பார்கள், நீ பார்க்காத வரியின் மேல் கோடு போட்டு நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போடு.

மூன்று கொட்டேஷனும் வந்ததும் படம் எடுத்து அனுப்பு, வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன். கதிரேசன் உன் நம்பர் கேட்டான், கொடுத்திருக்கிறேன். அவனும் இதே மாடலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டு பேரும் ஒரே டீலரிடம் சேர்ந்து எடுத்தால் இரண்டு வண்டிக்கான விலை பேசலாம், அவனிடம் கேட்டுப் பார்.

அன்புடன்,
மூர்த்தி